இரண்டு முடிவு, மூன்று வாக்குறுதி

ஒரே படத்தின் கடைசிக் காட்சியில் மழை பெய்யும் என்று ஓர் ஊருக்கும், பெய்யாது என்று இன்னோர் ஊருக்கும் ஒரே நாளில் வாக்குக் கொடுத்தவன் நான். காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றொன்று. வெட்கப்பட வேண்டியது அதற்காக அல்ல. திரும்பி வரும்போது காரில் சாய்ந்துகொண்டு, கூட்டத்தைச் சமாளிப்பதில் நமக்கு நிகர் நாமே என்று விசில் அடித்தேனே, அதற்காகத்தான்.

புதிதாக உதவி இயக்குநர்களாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். என் முழங்கால்கள் முதலில் ஓய்வு பெற்றன. மற்ற உறுப்புகள் வேறு வழியில்லாமல் அவற்றின் பின்னால் வந்துவிட்டன. இணை இயக்குநர் என்ற பெயரில் நான் செய்ததில் பெரும்பகுதி, வெயிலில் நின்று "சைலன்ஸ்" என்று கத்தியதுதான். லென்ஸ், லைட்டிங் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் போன் சொல்லிவிடும். போன் சொல்லாத ஒன்றை மட்டும் எழுதுகிறேன். ஏற்கெனவே ஜனங்கள் உயிராக வைத்திருக்கும் ஒன்றைப் படமாக்கப் போகும்போது எப்படியெல்லாம் உதை வாங்கலாம் என்பதுதான் அது.

மரக்காணம் பக்கத்தில் 'மழை வீட்டு மாப்பிள்ளை' என்று ஒரு பாட்டு நாடகம் சித்திரை தோறும் நடக்கிறது. பெண், உப்பளத்து வீட்டுப் பெண். மாப்பிள்ளை, கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் பிரம்மதேசத்து விவசாயி. மாப்பிள்ளை வீட்டுக்குக் கோடை மழை பெய்தால்தான் நிலத்தில் ஏர் இறங்கும். பெண் வீட்டுக்கு அதே மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு அத்தனையும் கரைந்து, மறுபடி முதலிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும். கல்யாணத்தன்று வானம் இருட்டுகிறது. அவ்வளவுதான் கதை. மிச்சமெல்லாம் பாட்டு.

பார்க்க வருபவர்களும் இந்தக் கதையில் கட்சிக்காரர்கள். யாரும் சொல்லாமலே விவசாய ஊர்க்காரர்கள் இடது பக்கம் உட்காருவார்கள்; உப்பளத்து ஆட்களும் கடற்கரைக் குப்பத்து ஆட்களும் வலது பக்கம். கடைசிக் கட்டத்தில் மாப்பிள்ளை "வாடி மழையே, வாசலுக்கு வா" என்று எடுப்பார். பெண் "போடி மழையே, பொறவு வா" என்று அடிப்பாள். அத்துடன் நடிகர்கள் வேலை முடிந்தது. மைதானமே இரண்டாகப் பிரிந்து பாடும். எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்பதை ஆர்மோனியக்காரர் கன்னியப்பன் முடிவு செய்வார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டால் மழை பெய்துவிட்டது என்று பொருள். உதறி ஆர்மோனியத்தின் மேல் காயப் போட்டால் மழை போய்விட்டது. அதற்குத் தகுந்த கடைசிப் பாட்டைப் பாடி மங்களம். ஆக, இரண்டு முடிவையும் ஒத்திகை பார்த்து வைத்திருப்பார்கள். எது என்பது துண்டு அசையும் வரை நாடகக்காரர்களுக்கே தெரியாது.

எங்கள் இயக்குநர் நல்ல பையன். இதைப் போனில் யாரோ எடுத்த வீடியோவில் பார்த்துவிட்டுக் காதலில் விழுந்தார். உரிமை வாங்கினார். அறிவிப்பு வந்ததும் அந்தப் பக்கத்து ரசிகர்கள் கொதித்தார்கள், குதித்தார்கள், இரண்டையும் ஒன்றாகவே செய்தார்கள். "போய்ப் பேசி வழிக்குக் கொண்டு வாருங்கள் சார்" என்று என்னை அனுப்பினார்கள். நாடகத்தைச் சினிமாவாக மாற்றுவது பற்றிக் கனமான புத்தகங்கள் சிலவற்றைப் படித்து, கோடு போட்டு, பையில் வைத்துக்கொண்டு போனேன். மரக்காணம் பஸ் நிலையத்து டீக்கடையில் கூடியிருந்த ரசிகர்கள் பையைத் திறக்கவே விடவில்லை.

"மெட்ட தொடாதீங்க சார். தொட்டீங்க, தியேட்டர் பக்கமே வர மாட்டோம்."

"யோவ், மாத்தட்டும்யா. அந்த விருந்துப் பாட்டு சாம்பார்ல ஆரம்பிச்சு மோருக்கு வர்றதுக்குள்ள எனக்கு நெசமாவே பசிச்சிடுது."

"ஹீரோயினு எந்த ஊரு சார்? உப்பு வார்ற பொண்ணுக்குக் காலு எப்பிடி வெடிச்சிருக்கும்னு அதுக்குத் தெரியுமா?"

கிளியனூரிலிருந்து வந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி மட்டும் நேர்மையாகப் பேசினாள். "நீங்க எப்பிடி எடுத்தாலும் நாங்க திட்டுவோம் சார். ஆனா மொத நாளே வந்து பாத்துட்டுத்தான் திட்டுவோம்."

ரசிகர் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை என் பையிலிருந்த எந்தப் புத்தகமும் கொடுக்கவில்லை. ஆனால் எல்லாரும் கடைசியில் வந்து நின்ற கேள்வி ஒன்றுதான்: மழை உண்டா, இல்லையா?

இங்கே என் குருநாதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அவரிடம் நான் கற்றவை ஏராளம். அவற்றில் ஒன்று: "கூட்டம் என்ன கேட்டாலும் சரின்னு சொல்லிடு. ஷூட்டிங் பேக்கப் ஆனா எவனுக்கும் ஞாபகம் இருக்காது." இதுபோன்ற முத்துக்களை ஒரு குரு சொல்லும்போது, எது பாடம், எது அவருடைய அன்றைய அலுப்பு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் ஏகாம்பரம் என்னை வரப்பு ஓரம் அழைத்துப் போய் நிறுத்தினார். "நெசத்துல வருசா வருசம் அந்தப் பாழாப்போன மழைகிட்ட தோத்துக்கினுதான் சார் இருக்கோம். படத்துலயாவது எங்கள ஜெயிக்க வையுங்க."

"கவலைப்படாதீங்க. மழை கிடையாது" என்றேன்.

மதியம் பிரம்மதேசத்தில் கோதண்டம் வீட்டில் சாப்பாடு. மல்லாட்டைச் சட்னி, அதாவது வேர்க்கடலைச் சட்னி. கோதண்டம் விவசாயி, இடது பக்கத்துக்கு முன்வரிசைப் பாடகர், அந்தக் கட்சியின் தலைவர். "கொஞ்ச வருசமாவே கன்னியப்பன் துண்டத் தலையில போட மாட்டேங்கறான் சார். அவன் கடற்கரை ஆளு, காது ஒரு பக்கமாத்தான் கேக்குது. நீங்க படத்துல மழையப் பேய வெச்சிடுங்க."

சட்னி நன்றாக இருந்தது. "பேய வெச்சிடலாம்" என்றேன்.

சாயங்காலம் செல்வியைப் பார்க்கப் போனேன். நாடகக் குழுவை நடத்துவதும், பெண் வேடம் கட்டுவதும், பாதிப் பாட்டை எழுதியதும் செல்விதான். மற்ற நாட்களில் பஸ் நிலையம் பக்கம் தையல் கடை. மெஷினை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல் பேசினார்.

"நீங்க மழைய வர வெச்சாலும் எனக்கு நஷ்டம். நிறுத்தினாலும் நஷ்டம் சார்."

"எப்படிம்மா?"

"படம்னா எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான முடியும்? பெரிய திரையில ஒரு தபா பாத்துட்டா, அதான் முடிவுன்னு ஆயிடும். அடுத்த சித்திரையில நான் மேடையேறி எடுத்துக் குடுத்தா எதிர்ல ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். முடிவு தெரிஞ்ச சண்டைக்கு எவன் சார் தொண்டையக் கிழிச்சுக்குவான்? கூட்டம் பாடலன்னா இது நாடகமே இல்ல. சும்மா ஒரு கல்யாண வீட்டுத் தகராறு."

"அப்புறம் ஏம்மா படம் எடுக்கச் சம்மதிச்சீங்க?"

மெஷின் நின்றது. "எங்க பாட்டு நாலு ஊருக்குப் போவட்டும்னு ஆசதான். ஆச இருக்கக் கூடாதா?" பிறகு நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "முடிவ மட்டும் முடிக்காம விட்ருங்க சார்" என்றார்.

"விட்ரலாம்" என்றேன். விசில் அடித்துக்கொண்டு சென்னை திரும்பினேன்.

சென்னையில் தயாரிப்பாளர் அறையில் பேச்சு வந்தது. "மழையில்லாம க்ளைமாக்ஸா? ஜனங்க என்னை அடிப்பாங்க" என்றார் தயாரிப்பாளர். இயக்குநர் மென்று விழுங்கினார். ஹீரோ பாடப் பாட மழை கொட்டுவது என்று முடிவானது. என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். அதையும் சேர்த்தால் வாக்குறுதி நான்காகிறது, தலைப்பில் இடமில்லை.

கடைசிக் காட்சியை உப்பளத்திலேயே, சித்திரையிலேயே, நாடகத்தின் நிஜ ரசிகர்களையே கூட்டமாக வைத்து எடுப்பது என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். படப்பிடிப்பு நாள் காலையில் எங்கள் விளம்பரப் பிரிவு யாரையும் கேட்காமல் முதல் போஸ்டரை வெளியிட்டது. கொட்டும் மழையில் ஹீரோவும் ஹீரோயினும் கட்டிப் பிடித்து நிற்கிறார்கள். பின்னால் உப்புக் குவியல்கள், நனைந்து, கரையாமல், பளபளவென்று. மரக்காணத்தில் அந்தப் போஸ்டர் போன் விட்டுப் போன் தாவியதில் எனக்குக் கிடைத்த முதல் தகவல், உப்பளத்து ஆட்களுக்குப் போட்ட இட்லியை யாரும் தொடவில்லை என்பதுதான்.

ஆனாலும் வந்தார்கள். வெயில் சாயத் தொடங்கியதும் வழக்கம்போல இடது பக்கம் விவசாய ஊர்கள், வலது பக்கம் உப்பளமும் குப்பமும் என்று வரப்புகளில் நின்றார்கள். நடுவில் ஒரு பெஞ்சில் ஆர்மோனியத்துடன் கன்னியப்பன். கூட்டத்துக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்கச் செல்வி. இயக்குநர் கேரவனுக்குள் தயாரிப்பாளருடன் போனில் இருந்தார். வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம்.

அப்போது மழை வந்தது. அதாவது, மழைக் காட்சிக்கான டேங்கர் லாரிகள், நல்ல தண்ணீரை நிரப்பிக்கொண்டு, குலுங்கிச் சொட்டிக்கொண்டு வரப்புச் சாலையில் வந்தன.

உப்பு விளைந்து நிற்கும் சித்திரையில் உப்பளத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டு போவதை என்னவென்று சொல்ல? யூனிட்டில் அத்தனை பேர் இருந்தோம். புத்தகம் படித்தவன் என்று நான் ஒருவன் வேறு இருந்தேன். ஒருவருக்கும் உறைக்கவில்லை. செட்டுக்கு மழை வேண்டும், லாரி சொல்லு. சினிமாக்காரன் மூளை அத்துடன் நின்றுவிடும்.

ஏகாம்பரம் முதல் லாரிக்கு முன்னால் போய் நின்று என்னைக் கேட்டார்.

"சார், இதுல இன்னா இருக்குது?"

"தண்ணிங்க."

"இன்னா தண்ணி?"

"போர் தண்ணி. நல்ல தண்ணி."

"நல்ல தண்ணி." பின்னால் திரும்பிக் கூட்டத்திடம் சொன்னார்: "நல்ல தண்ணியாம்பா! சாமியக் கும்பிட்டு மழைய நிறுத்தி வெச்சிருக்கோம், இவரு லாரில கொண்டாந்துக்கினு வர்றாரு! அந்தப் பக்கம் பாத்தி விளஞ்சு நிக்குது, கண்ணு தெரியல?"

வலது பக்கம் இரைந்தது. இடது பக்கத்திலிருந்து கோதண்டம் வந்தார். "ஏம்பா, விடுப்பா. சினிமா மழை. சார் எனக்குச் சொல்லித்தான் எடுக்கறாரு."

"உனக்கு இன்னா சொன்னாரு?"

"மழை பேயும்னாரு."

"எனக்குப் பேயாதுன்னாரு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னாலிருந்த இரண்டு ஊரும் பார்த்தது. செல்வி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "என்கிட்ட சொன்னதையும் சொல்லிடுங்க சார்" என்றார்.

சொன்னேன். முடிக்காமல் விடுவதாக.

கோதண்டம் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "யோவ் ஏகாம்பரம், இந்தாளு நம்ம மூணு பேரையும் ஏமாத்தியிருக்கான்யா."

"எனக்கு மொதல்லயே தெரியும். வெள்ளச் சட்ட போட்டுக்கினு வந்தாரு பாரு."

அந்த நாடகம் தொடங்கிய காலத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒரே கருத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, கேரவன் கதவைத் தட்டிப் பொறுப்பை உள்ளே தள்ளிவிடுவது. நான் பல வருடம் அதைத்தான் செய்திருக்கிறேன், பிழைப்பு ஓடும். ஆனால் கதவு திறந்து, அவர் வந்து, தயாரிப்பாளரைக் கேட்டு, பதில் வருவதற்குள் வெளிச்சம் போயிருக்கும். கூட்டமும் போயிருக்கும். இன்னொரு வழி, நாமே ஒரு முடிவெடுத்து, வேலை போனால் போகட்டும் என்று நிற்பது. நான் செல்வியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சித்திரையில் வாய் திறக்காத மைதானம் அவருக்கு அந்த லாரியில் தெரிந்திருக்கும்.

மைக்கை எடுத்தேன். "லாரியெல்லாம் ரிவர்ஸ் எடுங்கப்பா. மழை பேக்கப்."

ஒளிப்பதிவாளர் கீழே குனிந்து கேட்டார்: "மழையில்லாம என்ன சார் எடுக்கறது?"

"கூட்டத்த எடு. ஹீரோவ விட்டுடு."

பிறகு கூட்டத்திடம், "நான் சொன்ன எதையும் நம்பாதீங்க. எப்பவும் பாடற மாதிரி ஒரு தபா பாடுங்க" என்றேன். நான் அங்கே சொன்னதில் அவர்கள் முழுதாக நம்பியது அந்த முதல் வாக்கியத்தைத்தான்.

செல்வி கன்னியப்பனுக்குத் தலையசைத்தார். ஆர்மோனியம் இழுத்தது. செல்வி எடுத்தார்: "போடி மழையே." வலது பக்கம் வாங்கிக்கொண்டது. இடது பக்கத்துக்கு நானே எதிர்பாராத கோபம் இருந்தது. திரும்பிப் போகும் லாரிகளைப் பார்த்து "வாடி மழையே" என்றது. அதற்குப் பிறகு அது படப்பிடிப்பு அல்ல. ஏகாம்பரம் கழுத்து நரம்பு தெறிக்கப் பாடினார். கோதண்டம் வரப்பில் ஏறி வானத்தைக் கையால் இழுத்தார். எங்கள் ஹீரோயின் வாயசைக்க மறந்து, வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். படம் முழுவதிலும் அந்தப் பெண் நடித்ததில் அதுதான் சிறந்த இடம். சத்தம் கேட்டு இயக்குநர் காதில் போனுடன் கேரவனிலிருந்து இறங்கினார்.

இரண்டு பக்கமும் சமமாக ஏறிக்கொண்டே போனது. பெண்ணுக்கு ஒரு வரி, மாப்பிள்ளைக்கு ஒரு வரி, பிறகு யாருக்கு எது என்றே தெரியவில்லை. கன்னியப்பன் முகமெல்லாம் மினுங்க வாசித்துக்கொண்டிருந்தார். சட்டென்று வாசிப்பதை நிறுத்தினார். கூட்டம் அடங்கியது. தோளிலிருந்து துண்டை எடுத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 'எந்தப் பக்கம் சார்?' என்று அந்தக் கண்கள் கேட்டன.

என் வாழ்க்கையில் அதற்கு முன் யார் என்ன கேட்டாலும் நான் சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்று மட்டும் வேறு சொல் வந்தது.

"கட்!"

இயக்குநர் ஓடி வந்தார். "ஏன் சார் கட் சொன்னீங்க? இன்னும் ஒரு நொடி விட்டிருந்தா அவரே சொல்லியிருப்பாரே!"

"அதனாலதான் சொன்னேன்."

அவர் மானிட்டரில் போட்டுப் பார்த்தார். மறுபடி பார்த்தார். திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டார். நல்ல பையன் என்று சொன்னேனே.

பிறகு நடந்த சண்டை அவருடையது. "முடிவில்லாத படத்துக்கு எப்படிய்யா டிக்கெட் விக்கிறது? பாதி விலைக்கா?" என்றார் தயாரிப்பாளர். கம்ப்யூட்டரில் மழை பெய்வித்துக் காட்டினார்கள். யாருக்கும் பிடிக்கவில்லை, தயாரிப்பாளருக்கே பிடிக்கவில்லை. கடைசியில் படம் அப்படியே வந்தது. கன்னியப்பன் துண்டை எடுக்கிறார், நிமிர்கிறார், திரை இருட்டாகிறது.

முதல் நாள் திண்டிவனம் தியேட்டரில் பார்த்தேன். நடுப்பாதைக்கு இடது பக்கம் ஒரு கூட்டம், வலது பக்கம் ஒரு கூட்டம். டிக்கெட்டில் இருந்த எண்ணை ஒருவரும் மதிக்கவில்லை. இரண்டாவது பாட்டில் மெட்டு மாறியதற்கு வசவு விழுந்தது. விருந்துப் பாட்டைக் குறைத்ததற்குக் கைதட்டல் வந்தது, பின்னாலிருந்து ஒரு குரல், "மோர் எங்கடா?" என்று கேட்டது. பிறகு கடைசிக் காட்சி. துண்டு. இருட்டு.

சத்தமே இல்லை. "ஆப்பரேட்டர்! கரண்ட் போயிடுச்சா?" என்று ஒருவர் கேட்டார். செல்வி எனக்கு இரண்டு வரிசை முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்போது எங்கேயோ ஓரத்திலிருந்து ஒரு பெண் குரல், பயந்துகொண்டே, "போடி மழையே" என்றது. திட்டுவதற்காகவே முதல் நாள் வந்திருந்த அந்தக் கிளியனூர்க் கல்லூரிப் பெண். இடது பக்கம் விடுமா? விளக்கு போட்ட பிறகும் பாடினார்கள். அடுத்த காட்சிக்கு வந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று விழித்தார்கள்.

எல்லா ஊரிலும் இப்படி நடந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. சென்னையில் சில இடங்களில் இருட்டைப் பார்த்துக் கூச்சல் போட்டுக் காசைத் திருப்பிக் கேட்டார்கள். படம் ஓடியது என்றும் சொல்ல முடியாது, படுத்தது என்றும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த சித்திரையில் நாடக மைதானத்தில் இடம் போதவில்லை. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் எங்கே உட்காருவது என்று செல்வியைக் கேட்டார்கள். "உங்க ஊருக்கு இப்ப மழ வேணுமா, வேணாமா? அதப் பாத்து உக்காருங்க" என்று வேடம் கட்டியபடியே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். அன்று அவர் எடுத்துக் கொடுத்தபோது எதிரில் வந்த சத்தத்தில் மேடையே ஆடியது. கன்னியப்பன் துண்டைத் தலையில் போட்டார். கோதண்டம் அழுதார்.

இதிலிருந்து ஒரு பாடம் சொல்லித்தான் ஆக வேண்டும். வசனத்தைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். அன்று ஓர் ஆர்மோனியக்காரரின் கண்ணில் இருந்த கேள்வியை நான் படித்ததால்தான் அந்தப் படத்துக்கு முடிவு கிடைத்தது. இதைப் பல இடங்களில் பேசியிருக்கிறேன், கைதட்டியிருக்கிறார்கள்.

கோதண்டம் அழுத அந்தச் சித்திரை நாடகம் முடிந்து டீ குடிக்கும்போது கன்னியப்பனிடமும் இதைச் சொன்னேன். அந்த ஒரு பார்வையில் நீங்கள் என்னிடம் என்ன கேட்டீர்கள் என்பது எனக்குப் புரிந்தது என்றேன். அவர் டீயை ஊதிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வேர்த்துச்சு சார். மூஞ்சி தொடைக்கத்தான் துண்ட எடுத்தேன். நீங்க கத்துன கத்துல அதக்கூட தொடைக்கல."